சம்பளத்தில் பிடித்த காசு போன வழி

கிள்ளானில் ஏதோ ஒரு பள்ளியிலோ மருத்துவமனையிலோ குத்தகை நிறுவனத்தின் கீழ்த் துப்புரவு வேலை பார்க்கும் ஓர் அம்மாவின் சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்வோம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட் ஆனது. அதில் 187 ரிங்கிட்டை ஊழியர் சேமநிதிக்கு என்று பிடித்துக்கொள்கிறார்கள். முதலாளி தன் பங்காக 221 ரிங்கிட் போட வேண்டும். இரண்டும் சேர்ந்து 408. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் இந்தத் தொகை சேமநிதி வாரியத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம்.

ஈபிஎஃப் என்று நாம் எல்லாரும் சொல்லும் அந்தக் காசு கைக்கு வருவதற்கு முன்பே போய்விடுகிறது. எங்கே போகிறது, அங்கே என்ன வேலை செய்கிறது, திரும்பி வரும்போது எவ்வளவாக வருகிறது என்று பின்தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டிய நேரம் இது. 2030-இல் மலேசிய மக்கள்தொகையில் 15 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்களாக இருப்பார்கள் என்பது அரசின் சொந்தக் கணிப்பு. அவர்களில் பலருக்கு இந்தக் காசுதான் சோறு.

சேமநிதி பிறப்பதற்கு முன்பு தோட்டத்து முதுமைக்கு இருந்த ஏற்பாடு கப்பல். 1907-இல் பிரிட்டிஷ் நிர்வாகம் மலாயாவில் குடியேற்ற நிதி ஒன்றை அமைத்தது. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள் ஆள் கணக்கில் அதற்குப் பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில்தான் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஆட்களை இலவசமாகக் கப்பலேற்றினார்கள். உடம்பு முடியாமல் போனவர்களைத் திருப்பி அனுப்பவும் அதிலிருந்தே எடுத்தார்கள். இன்று கிள்ளான் துறைமுகம் என்று அழைக்கப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமில் இளைஞராக வந்து இறங்கியவர் கிழவராக அங்கேயே கப்பலேறினார். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது திடமாக இருந்தவர்களையும் ஆயிரக்கணக்கில் அனுப்பிவைத்தார்கள். முதலாளியைப் பொறுத்தவரை ஒரு தொழிலாளியின் முதுமை என்பது ஊரில் இருக்கும் யாரோ பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

1938-இல் இந்திய அரசு கூலித் தொழிலாளர்கள் உதவி பெற்று வருவதை நிறுத்தியது. பிறகு போர் வந்தது. இங்கே இருந்தவர்கள் இங்கேயே குடும்பமாகி, இங்கேயே வயதானார்கள். 1941-இல் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் வழிகாட்ட, இந்த வட்டாரத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. நாளுக்கு 50, 60 காசு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள், துரை எதிரே வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள், பட்டாளம் வந்து சுட்டது, உயிர்கள் போயின. அன்றைய கூலியில் எதைப் பிடிப்பது, எதைச் சேமிப்பது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் மீதிக் கதையைப் படிக்க வேண்டும்.

கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலத்தின் நடுவில், 1951 அக்டோபர் 1-இல் ஊழியர் சேமநிதி தொடங்கப்பட்டது. தொழிலாளி 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு. 55 வயதில் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம். உலகில் இந்த வகையில் மிகப் பழைய நிதிகளில் இது ஒன்று; இந்தியாவின் வருங்கால வைப்புநிதிச் சட்டம் 1952-இல்தான் வந்தது, சிங்கப்பூரின் மத்திய சேமநிதி 1955-இல். ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889-இல் கொண்டுவந்த முதியோர் காப்பீடு வேறு வகை. அங்கே சாகும்வரை மாதாமாதம் கொடுத்தார்கள். இங்கே ஒவ்வொருவரும் தன் காசைத் தானே சேர்த்து, தானே எடுத்து, தானே தீர்க்க வேண்டும். அன்றைய ஆட்சிக்கு அது செலவில்லாத வழி.

55 என்ற எண் அந்தக் காலத்துக்குப் பொருந்தியது. 1957-இல் பிறந்த ஆண் குழந்தையின் சராசரி ஆயுள் 56 ஆண்டுக்குச் சற்றுக் குறைவு, பெண் குழந்தைக்கு 58-க்குச் சற்றுக் கூடுதல். குழந்தைச் சாவுகள் இந்தச் சராசரியைக் கீழே இழுக்கும் என்பதால், 55-ஐத் தொட்டவர் மேலும் பல ஆண்டு இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அவரைச் சுற்றி ஐந்தாறு பிள்ளைகள் இருந்தார்கள். கையில் வாங்கிய சேமநிதி மகளுக்குத் தாலியாகவும் கோயிலுக்குக் காணிக்கையாகவும் கடனடைப்பாகவும் போனது. பிள்ளைகள் சோறு போட்டார்கள். இன்று பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் 75. ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகள் இரண்டுக்கும் கீழே போய்விட்டார்கள். எடுக்கும் வயது மட்டும் 55-இலேயே நிற்கிறது. 2013 ஜூலையில் ஓய்வு வயதைச் சட்டம் 60 ஆக்கிய பிறகும் அது நகரவில்லை. 2015-இல் வாரியம் உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டபோது, 60-க்குத் தள்ளாதே என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உடம்பை வைத்துப் பிழைத்தவருக்கு 55-க்கு மேல் காத்திருப்பது எவ்வளவு கடினம் என்பது மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குத் தெரியாது.

தோட்டத்தில் இந்தக் காசு எப்படிச் சேர்ந்தது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அதிகாலைப் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு வந்து, செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பெயர் விழுந்தால்தான் அன்றைக்குக் கூலி. மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. இலையுதிர் காலத்தில் மரத்தில் பால் குறையும். கூலி குறைந்த மாதத்தில் சேமநிதியும் குறைந்தது. அதாவது 30 ஆண்டுக்கு முன் பெய்த மழை, இன்றைய முதுமையின் சாப்பாட்டில் கை வைத்தது. தோட்டத் தொழிலாளருக்கு மாதச் சம்பள ஒப்பந்தம் வந்ததே 2000களின் தொடக்கத்தில்தான், அதுவும் 350 ரிங்கிட் அளவில். அப்போதைய விகிதத்தில் மாதம் 80 ரிங்கிட் சேரும். மாதம் 80 வீதம் 25 ஆண்டு போட்டு, ஆண்டுக்கு 5.5 விழுக்காடு லாப ஈவும் சேர்த்தால் ஏறத்தாழ 50,000 ரிங்கிட் வரும். அதை 20 ஆண்டு முதுமைக்குப் பிரித்தால் மாதத்துக்கு 200 ரிங்கிட் சொச்சம். இது நான் போட்ட கணக்கு. யார் போட்டாலும் இதற்குப் பக்கத்தில்தான் வரும்.

அதே காலத்தில் இன்னொரு தமிழ்க் குடும்பம் பிரிக்ஃபீல்ட்ஸிலோ செந்தூலிலோ ரயில்வே குடியிருப்பில் இருந்தது. மலாயா ரயில்வே 1992-இல் நிறுவனமாக்கப்படும்வரை அரசுத் துறை. அதில் வேலை செய்தவருக்கு அரசுப் பென்ஷன் கிடைத்தது: கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிட்டு, சாகும்வரை மாதாமாதம் வரும் பணம். அவர் இறந்தால் மனைவிக்கும் அது தொடரும். தோட்டத்துக்குப் போன அண்ணனுக்கும் ரயிலில் சேர்ந்த தம்பிக்கும் முதுமை இரண்டு வேறு நாடுகளில் நடந்தது போல் இருந்தது. அண்ணனுக்கு வேலை போன அன்றே வீடும் போனது, ஏனென்றால் லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. காப்பார், மேரு, புக்கிட் ராஜா பக்கத்துத் தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் குடியிருப்பும் தொழிற்பேட்டையுமாக மாறியபோது, எத்தனையோ பேர் சேமநிதியில் வீட்டுக்கென எடுக்க அனுமதித்த பணத்தைக் கொண்டுதான் மலிவு விலை அடுக்குமாடியில் ஒரு கதவைப் பிடித்தார்கள். வீடு கிடைத்தது, முதுமைக்கு வைத்திருந்த காசு சுவராகிவிட்டது.

இனி அந்த 408 ரிங்கிட்டோடு வெளியூர் போவோம்.

வாரியத்தில் விழுந்ததும் அது மூன்றாகப் பிரிகிறது. 2024 மே 11 முதல் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டின்படி 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கு, 15 விழுக்காடு வீடு, கல்வி, மருத்துவம் போன்ற தேவைகளுக்கான கணக்குக்கு, 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்குக்கு. நம் அம்மாவின் 408-இல் அது 306, 61.20, 40.80. பிறகு எல்லாருடைய காசோடும் கலந்து முதலீடாகக் கிளம்புகிறது. 2024 முடிவில் வாரியத்தின் மொத்தச் சொத்து 1.25 டிரில்லியன் ரிங்கிட். 1952-இல் 2.5 விழுக்காட்டில் தொடங்கிய லாப ஈவு, 1983 முதல் 1987 வரை 8.5 விழுக்காட்டில் நின்றது. 2024-க்கு 6.30 விழுக்காடு கொடுத்தார்கள். முதல் பல பத்தாண்டுகள் இந்தப் பணத்தில் பெரும்பகுதி அரசுக் கடன் பத்திரங்களில்தான் போடப்பட்டது. பால்வெட்டுக் கூலியில் பிடித்த காசு, சுதந்திர நாட்டின் அரசுக்கே கடனாகப் போயிருக்கிறது. இந்த நாட்டைக் கட்டியதில் தமிழ்த் தொழிலாளியின் பங்கு என்று மேடைகளில் பேசுகிறோமே, அவர் வெட்டிய மரத்தோடும் போட்ட தண்டவாளத்தோடும் அது நிற்கவில்லை. அவருடைய பணமும் அரசுக்குக் கடன் கொடுத்திருக்கிறது.

இப்போது அது இன்னும் தூரம் போகிறது. புக்கிட் ராஜாவில் தொடங்கிக் கோலாலம்பூருக்குப் போகும் நெடுஞ்சாலையை நடத்துவது பிளஸ் நிறுவனம். 2011 முதல் அதில் 49 விழுக்காடு சேமநிதியுடையது. டோல் கட்டிக் கடக்கும் கிள்ளான்காரர் தன் காசு போட்ட சாலையில்தான் போகிறார். லண்டனில் தேம்ஸ் கரையில் 1983-இல் மூடிய பேட்டர்சீ மின் நிலையத்தை மலேசிய நிறுவனங்கள் 2012-இல் 400 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியபோது, சேமநிதியின் பங்கு 20 விழுக்காடு. நான்கு வெள்ளைப் புகைபோக்கிகளோடு அந்தக் கட்டடம் 2022 அக்டோபரில் கடைகளும் அலுவலகங்களுமாகத் திறந்தது. கேரித் தீவின் செம்பனைக் காடுகளை வைத்திருக்கும் தோட்ட நிறுவனத்திலும் சேமநிதி பெரிய பங்குதாரர்களில் ஒன்று.

எனக்கு மிகவும் மனதில் நிற்கும் இடம் சுங்கை பூலோ. 1925-இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்துக்கு அங்கே பெரிய சோதனைத் தோட்டம் இருந்தது. அதிகம் பால் கொடுக்கும் மர வகைகளை உருவாக்கிய நிலம் அது. அதில் 2,300 ஏக்கருக்கு மேல் இன்று சேமநிதியின் கையில் இருக்கிறது. குவாசா டாமான்சாரா என்ற நகரம் அங்கே எழுந்துகொண்டிருக்கிறது, வாரியத்தின் தலைமையகமும் அங்கேயே வந்துவிட்டது. ரப்பரில் உழைத்தவர்களின் காசும் சேர்ந்து ரப்பர் நிலத்தை வாங்கியிருக்கிறது. அந்த நகரத்தில் வீடு வாங்க அவர்களில் எத்தனை பேருக்கு முடியும் என்று கேட்டால் பதில் நமக்கே தெரியும்.

நிர்வாகத்தை நான் குறை சொல்லவில்லை. சட்டம் குறைந்தது 2.5 விழுக்காடு கொடுக்கச் சொல்கிறது, வாரியம் ஒருபோதும் அதற்குக் குறைத்துக் கொடுத்ததில்லை, பல பத்தாண்டுகளாக அதைவிட நல்லபடியாகவே கொடுத்திருக்கிறது. காசு போன இடமெல்லாம் வேலை செய்திருக்கிறது. சிக்கல் அது திரும்பி வரும் வழியில்.

முதல் சிக்கல், போகவே போகாத காசு. தொழிலாளியின் பங்கைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு வாரியத்தில் கட்டாமல் விடுவது குற்றம், சிறைத் தண்டனை வரை போகும். இருந்தும் துப்புரவு, பாதுகாவல் போன்ற குத்தகை வேலைகளில் குத்தகையாளர் மாறிக்கொண்டே இருக்கும்போது மாதங்கள் விடுபட்டுப்போகின்றன. நம் பெண்கள் அதிகம் இருக்கும் வேலைகள் இவைதாம். சொந்தமாக இட்லிக் கடை வைத்திருப்பவர், சொந்த லாரி ஓட்டுபவர், வீட்டு வேலை செய்பவர் ஆகியோருக்குக் கட்டாயச் சந்தா கிடையாது. விரும்பினால் கட்டலாம், அரசு கொஞ்சம் ஊக்கத்தொகை சேர்க்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, இடையிலேயே எடுத்த காசு. 2021 ஜூலையில் கோவிட் பரவலால் கிள்ளான் பள்ளத்தாக்கு பூட்டிக் கிடந்தது. கிள்ளான் மருத்துவமனை நோயாளிகளால் நிரம்பி வழிந்தது. வேலையும் அரிசியும் இல்லாத வீடுகள் உதவி கேட்டு வாசலில் வெள்ளைக் கொடி ஏற்றின. அந்த மாதம்தான் சேமநிதியிலிருந்து 5,000 ரிங்கிட் வரை எடுக்கும் ஐ-சித்ரா திட்டம் திறந்தது. அதற்கு முன் ஐ-லெஸ்தாரியும் ஐ-சினாரும், பின்னர் 2022-இல் 10,000 ரிங்கிட் சிறப்பு மீட்பும் வந்தன. நான்கிலும் சேர்த்து 80 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எடுத்த தொகை 145 பில்லியன் ரிங்கிட். பஞ்சம் வந்தால் விதைநெல்லையும் குத்தித் தின்பான் குடியானவன். அவனைத் திட்டி என்ன பயன்? பசித்த நாளுக்கு அரசின் பொதுப் பணம் போதாமல், அவரவர் கிழ வயதுக் காசை எடுத்துக் கொடுத்தார்கள். விளைவாக 2022 முடிவில் 55 வயதுக்குக் கீழே உள்ள உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் கணக்கில் 10,000 ரிங்கிட்கூட இல்லை.

மூன்றாவது, ஒரே மூச்சில் வரும் காசு. 55-இல் மொத்தமாக எடுப்பவர்களில் பெரும்பாலோரின் சேமிப்பு சில ஆண்டுகளிலேயே கரைந்துவிடுகிறது என்று வாரியமே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. இதை மாதாமாதம் வரும் பணமாக மாற்ற 2000-இல் ஓர் ஆயுள் ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தார்கள். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மறு ஆண்டே நிறுத்திவிட்டார்கள். சிங்கப்பூர் 2009-இல் அதே யோசனையைத் தன் சேமநிதியில் நுழைத்து, சாகும்வரை மாத வருமானம் என்று உறுதியாக்கிக்கொண்டது. நாம் கால் நூற்றாண்டு கழித்து அதே இடத்துக்கு வந்திருக்கிறோம். 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட 13-ஆவது மலேசியத் திட்டம், புதிதாகச் சேருபவர்களின் சேமிப்பில் ஒரு பகுதியை மாத வருமானமாகக் கொடுக்கும் யோசனையைச் சொல்கிறது. அது வரட்டும், நல்லதுதான். ஆனால் இன்றைக்கு 50 வயதில் இருப்பவருக்கு அதனால் எதுவும் இல்லை.

அரசும் தன் பக்கத்துச் சுமையை இறக்கத் தொடங்கிவிட்டது. அரசு ஓய்வூதியச் செலவு ஆண்டுக்கு 30 பில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிவிட்டதால், 2024 பிப்ரவரியிலிருந்து புதிதாக அரசு வேலைக்கு வருபவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை, சேமநிதிதான். செந்தூல் தம்பியின் பேரனும் தோட்டத்து அண்ணனின் வழிக்கு வந்துவிட்டான். ஆக, நாளைய மலேசியாவின் முதுமை முழுவதும் சம்பளத்தில் பிடித்த காசின் மேல்தான் நிற்கப்போகிறது.

அங்கேதான் அடிப்படைக் கோளாறு இருக்கிறது. விழுக்காட்டில் பிடிப்பது விழுக்காட்டில்தான் திரும்பும். நல்ல சம்பளக்காரருக்கு நல்ல முதுமை, குறைந்த சம்பளக்காரருக்குக் குறைந்த முதுமை. வாரியம் 2019-இல் அடிப்படைச் சேமிப்பு 240,000 ரிங்கிட் என்று வகுத்தது, மாதம் 1,000 வீதம் 20 ஆண்டுக்கு. புதிய வரையறை 60 வயதில் 390,000 என்கிறது. குறைந்த சம்பளத்தில் இடைவெளியோடு வேலை பார்த்த ஒரு பெண் அந்த எண்ணை எட்ட வழியே இல்லை. ஓய்வு வயதை 65 ஆக்கினால் அலுவலகத்தில் இருப்பவருக்கு ஐந்து ஆண்டுச் சேமிப்பு கூடும். முட்டி தேய்ந்த துப்புரவுத் தொழிலாளிக்கு அந்த வயதில் யார் வேலை கொடுப்பார்கள்?

சேமநிதிக்குக் கீழே ஒரு தளம் வேண்டும். சம்பளத்தில் பிடிக்காமல், பொது வரியிலிருந்து, வயதை மட்டும் பார்த்துக் கொடுக்கும் பணம். இது ஆகாத காரியமில்லை. தமிழ்நாடு 1962-இலேயே ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் என்று தொடங்கியது, 2023-இல் அது 1,200 ரூபாய் ஆனது. பக்கத்து நாடான தாய்லாந்து, வேறு அரசு ஓய்வூதியம் இல்லாத 60 வயதைக் கடந்த எல்லாருக்கும் 2009 முதல் மாதப் படி கொடுக்கிறது; தொகை சிறியது, ஆனால் ஏழ்மையை நிரூபிக்கத் தேவையில்லை. நம் நாட்டில் சமூக நலத்துறையின் முதியோர் உதவி 2025-இல் மாதம் 600 ரிங்கிட் ஆக உயர்ந்தது. அதற்கு மனுப் போட வேண்டும், வறுமையைக் காட்ட வேண்டும், குடிமகனாக இருக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் இங்கே உழைத்தும் இன்னும் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் நம் பாட்டிமார் அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்கள் சம்பளத்தில் சேமநிதி பிடிக்கும்போது யாரும் அட்டையின் நிறத்தைப் பார்க்கவில்லை.

இந்த ஆண்டு வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அம்மா, அப்பா, அத்தை, மாமா என்று இன்னும் வேலைக்குப் போகும் ஒவ்வொருவரின் சேமநிதிக் கணக்கையும் கைப்பேசியில் திறந்து பாருங்கள். மாதா மாதம் சந்தா விழுந்திருக்கிறதா, சம்பளச் சீட்டில் பிடித்ததும் கணக்கில் விழுந்ததும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். விடுபட்டிருந்தால் சம்பளச் சீட்டோடு வாரியத்துக்குப் போய்ப் புகார் கொடுங்கள். வாரிசுப் பெயர் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 600 ரிங்கிட் உதவிக்குத் தகுதி இருந்தும் மனுப் போடத் தயங்கும் பெரியவர்களை நீங்களே அழைத்துக்கொண்டு போங்கள். அடுத்த தேர்தலில் உங்கள் வாசலுக்கு வரும் வேட்பாளரிடம், 60 வயதைக் கடந்த எல்லாருக்கும், அட்டையின் நிறம் எதுவானாலும், மாத ஓய்வூதியம் சட்டமாக வருமா என்று நேராகக் கேளுங்கள்.